தொல்லியலுக்கு முதல் புத்தகம் எது?

தோண்டுவது என்றால் என்னவென்று நெய்வேலிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவோ மாமாவோ பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரரோ, யாராவது ஒருவர் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்ப்பவராக இருப்பார். ராட்டினம் மாதிரி சக்கரத்தில் வாளிகளை மாட்டிக்கொண்டு மண்ணை வாரிப் போடும் ராட்சத எந்திரத்தைப் படத்திலாவது பார்க்காத பிள்ளை அங்கே கிடையாது. ஊர் பிறந்த கதையே ஒரு கிணற்றில்தான் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெரிந்தது. 1956இல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்.

கீழடிச் செய்திகள் வரத் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வகைத் தோண்டல் மேல் ஆசை வந்திருக்கிறது. சின்னக் கொத்துக் கரண்டியும் தூரிகையும் வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக மண்ணை எடுக்கும் தோண்டல். டவுன்ஷிப் பிள்ளைகளும் இதற்கு விலக்கில்லை. வழக்கமாக ஜூலையில் லிக்னைட் ஹால் வளாகத்தில் புத்தகக் கண்காட்சி கூடும்போது, "தொல்லியல் பத்தி ஒரு புக் வாங்கிக் குடுங்கப்பா" என்று பிள்ளை கேட்டால், எதை எடுப்பது என்று பெற்றோருக்குக் குழப்பம். பள்ளி நூலகத்துக்குப் பட்டியல் போடும் ஆசிரியருக்கும் அதே குழப்பம்தான்.

கடைகளில் பொதுவாக மூன்று வகைப் புத்தகங்கள் கண்ணில் படும். ஒன்று, அட்டையில் எகிப்து மன்னன் துட்டன்காமனின் தங்க முகமூடி பளபளக்கும் புதையல் புத்தகம். இரண்டு, "உலகிலேயே முதன்முதலில்" என்று தொடங்கும் பெருமைப் புத்தகம். மூன்று, தலையணை கனத்தில் இருக்கும் ஆங்கிலப் பாடநூல். முதலாவதைப் படித்த பிள்ளை தொல்லியல் என்றால் தங்கம் தேடுவது என்று நினைத்துக்கொள்ளும். இரண்டாவதைப் படித்த பிள்ளை வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பிவிடும். மூன்றாவது, பத்துப் பக்கத்தோடு அலமாரிக்குப் போய்விடும்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

பழசு என்று சொன்னால் போதாது

ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. "இது இவ்வளவு ஆண்டு பழசு" என்று சொல்வதோடு இந்தப் புத்தகம் நிறுத்திக்கொள்கிறதா, "அது எப்படித் தெரிந்தது" என்பதையும் காட்டுகிறதா? காட்டினால், அது முதல் புத்தகமாக இருக்கத் தகுதியானது. காட்டவில்லை என்றால், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரலாம்.

காரணம் எளிமையானது. தொல்லியலில் விடைகள் மாறிக்கொண்டே இருக்கும். இரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று அறிவிப்பு வந்தது. இடையில் மூன்று ஆண்டுகூட முழுதாகக் கழியவில்லை. 2023இல் அச்சான புத்தகம் 2025இல் பழசாகிவிட்டது.

கல் கருவிகள் கதையும் இதேதான். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அதிரம்பாக்கமும் கவனத்துக்கு வந்தது. ஆனால் அதிரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு வெளிவந்தது 2011இல்தான். அங்கேயே இடைப் பழங்கற்காலம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் இன்னொரு ஆய்வு வந்தது. ஒரே ஊர், ஒரே ஆற்றங்கரை மண். எண் மட்டும் மாறுகிறது.

எண்ணை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர், அடுத்த அறிவிப்பு வரும்போது விழிப்பார். எண் எப்படி வந்தது என்று படித்த மாணவர், புது எண்ணை எடைபோட்டுப் பார்ப்பார். மண்ணடுக்கைப் படிக்கும் முறையை ஒருமுறை புரிந்துகொண்டால் அது வாழ்நாள் முழுக்க உதவும்.

இதைக் கடையில் நின்றபடியே சோதிக்க முடியும். ஐந்து இடங்களைப் புரட்டிப் பார்த்தால் போதும். நெய்வேலியைச் சுற்றியே அதற்கு உதாரணங்கள் கிடைக்கின்றன.

டைனோசர் வருகிறதா?

முதலில், புத்தகம் தன் எல்லையைச் சொல்கிறதா என்று பாருங்கள். தொல்லியல் என்றதும் பல பிள்ளைகளுக்கு டைனோசர் நினைவு வரும். பெரியவர்களுக்கும் வரும். டைனோசர்கள் மறைந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். மனித இனத்தின் மூதாதைகள் செய்ததாக இதுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய கல் கருவிகள், கென்யாவில் கிடைத்தவை, சுமார் 33 லட்சம் ஆண்டு பழமையானவை. இரண்டுக்கும் நடுவே ஆறு கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி.

அரியலூரில் பாறையாகிக் கிடக்கும் கடல் உயிர்கள், திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, இவை மூன்றும் நிலவியலும் தொல்லுயிரியலும் பேசுபவை. மனிதன் தொட்டு, செதுக்கி, சுட்டு, கட்டி, வீசி எறிந்த பொருள்களிலிருந்துதான் தொல்லியல் தொடங்குகிறது. முதல் அத்தியாயத்திலேயே இந்தக் கோட்டைத் தெளிவாகப் போடும் புத்தகம் நல்ல புத்தகம். நெய்வேலிப் பிள்ளைக்கு இது ரொம்பவே தேவை. வீட்டு வாசலிலேயே ஒரு பிரம்மாண்டத் தோண்டல் நடப்பதால், இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் சுலபமாக வந்துவிடும்.

வெட்டுப்பக்கப் படம் இருக்கிறதா?

அடுத்து, உள்ளே ஒரு அகழாய்வுக் குழியின் பக்கவாட்டுச் சுவரை வரைந்து காட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். சுரங்க விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், அதற்கும் கீழே வேறொன்று என்று மண் வரிவரியாகத் தெரியும். கீழே இருப்பது முதலில் படிந்தது, மேலே இருப்பது பிறகு படிந்தது. தொல்லியலுக்கும் இதுதான் அடிப்படை. அளவுதான் வேறு. சுரங்கத்தில் பத்து மீட்டர் கணக்கில் பேசுவதை இங்கே சென்டிமீட்டர் கணக்கில் பேசுவார்கள்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளும் புத்தகத்துக்குப் பாதி மதிப்பெண். ஏனென்றால் மனிதர்கள் வாழ்ந்த இடத்தில் மண் ஒழுங்காகப் படிந்து கிடக்காது. ஒருவர் குப்பைக்குழி வெட்டியிருப்பார். இன்னொருவர் கிணறு எடுத்திருப்பார். எலி வளை போட்டிருக்கும். மேலே இருந்த ஐந்து ரூபாய்க் காசு, எலி வளை வழியாக இறங்கி இரண்டாயிரம் ஆண்டுப் பானைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். குழி எந்த அடுக்கிலிருந்து வெட்டப்பட்டது என்று பார்க்கத் தெரியாதவர், அந்தப் பானைக் காலத்திலேயே ஐந்து ரூபாய்க் காசு இருந்ததாகச் சொல்ல வேண்டிவரும். அடுக்கை வெட்டிக்கொண்டு போகும் குழியையும் சேர்த்து வரைந்திருக்கும் படம், மாணவரை யோசிக்க வைக்கும்.

பெரியவர்களே இதில் தவறியிருக்கிறார்கள். சிந்துவெளியில் ஜான் மார்ஷல் காலத்தில், மேட்டின் இயல்பான அடுக்குகளைப் பின்பற்றாமல் சமமட்ட அளவுகளாகத் தோண்டிக்கொண்டே போனார்கள். அதனால் வெவ்வேறு காலத்துப் பொருள்கள் ஒரே கணக்கில் சேர்ந்துவிட்டன. 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் இதைச் சுட்டிக்காட்டி முறையை மாற்றினார். அதே வீலர், மொகஞ்சதாரோ எலும்புக்கூடுகளைப் பார்த்து அங்கே படுகொலை நடந்தது என்றார். அந்த எலும்புகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல என்று 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் கேள்வி எழுப்பினார். இப்படித் திருத்தத்தையும் திருத்தியவரின் தவறையும் சேர்த்துச் சொல்லும் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள்.

நிலக்கரிக்கு வயது பார்க்க முடியுமா?

மூன்றாவது, காலக்கணிப்பு அத்தியாயம். அதைப் படித்துவிட்டு ஒரு நெய்வேலிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறதா என்று பிள்ளையிடமே கேளுங்கள். "நிலக்கரியும் ஒருகாலத்தில் மரம்தானே? அதில் கார்பன் இருக்கிறதே? கார்பன் முறையில் அதற்கு வயது கண்டுபிடிக்கலாமா?"

முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் பாடமே இருக்கிறது. உயிரோடு இருக்கும் மரமும் விலங்கும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை மிகச் சிறிதளவு சேர்த்துக்கொண்டே இருக்கும். உயிர் போனதும் வரவு நின்றுவிடும். இருந்தது மட்டும் மெல்லக் கரையும். சுமார் 5,730 ஆண்டில் பாதியாகும். இன்னொரு 5,730 ஆண்டில் அந்தப் பாதியில் பாதி. மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், உயிர் போய் எவ்வளவு காலமாயிற்று என்று கணக்குப் போடலாம். 1940களின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்லார்ட் லிபி உருவாக்கிய முறை இது. 1960இல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் போனால் அளப்பதற்கு மிச்சமே இருக்காது. நெய்வேலி நிலக்கரியின் வயது கோடிக்கணக்கில். அதில் இருப்பது செத்த கார்பன். இன்னொன்றும் உண்டு. இந்தச் செத்த கார்பன், சோதனைக்கு எடுத்த கரித்துண்டில் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே வயது சுமார் 80 ஆண்டு கூடுதலாகக் காட்டும். மாதிரியை எடுக்கும்போது கையும் சாமானும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பது இதைப் படித்தால் புரியும்.

கீழடிக்கு கி.மு. 580 என்று சொல்கிறார்களே, அது 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு கரிமப் பொருளை அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் அளந்து கிடைத்த காலம். பழனிக்குப் பக்கத்திலுள்ள பொருந்தலில், பானையில் இருந்த நெல்லை அளந்து கி.மு. 490 என்று சொன்னார்கள். செங்கல்லையோ பானையின் களிமண்ணையோ இப்படி அளப்பதில்லை. கூடவே கிடைத்த கரியையோ நெல்லையோ அளந்து, அதே அடுக்கில் இருந்த மற்றவற்றுக்கும் அந்தக் காலத்தைச் சொல்கிறார்கள். அதனால்தான் அடுக்கு கலைந்திருக்கக் கூடாது என்பது அவ்வளவு முக்கியம். அடுக்குப் பாடத்தையும் காலப் பாடத்தையும் இப்படி முடிச்சுப் போட்டுக் காட்டும் புத்தகம் மாணவருக்குப் பெரிய உபகாரம்.

அரிக்கமேடு வழியாக ஒரு சோதனை

நான்காவது சோதனைக்கு நெய்வேலியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் ஒரு இடம் இருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே ஆற்றோரமாக இருக்கும் அரிக்கமேடு.

1945இல் வீலர் அங்கே தோண்டினார். அவருக்குத் தேவை ஒரு கடிகாரம். தென்னிந்தியாவில் ஏராளமான பானை வகைகள் கிடைத்துக்கொண்டிருந்தன, ஆனால் எது எந்தக் காலம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. கார்பன் முறை அப்போது வந்திருக்கவில்லை. அரிக்கமேட்டில் இத்தாலியில் செய்த பளபளப்பான சிவப்புத் தட்டுகளின் துண்டுகள் கிடைத்தன. அந்தத் தட்டுகள் எப்போது செய்யப்பட்டன என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். ஆகவே அவற்றோடு ஒரே அடுக்கில் கிடைத்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தேதி தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தேதி தெரியாத பத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை அது.

கதை அங்கே முடியவில்லை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி அரிக்கமேட்டில் தோண்டினார்கள். உள்பக்க அடியில் வட்டவட்டமாகப் புள்ளி வரிசை கொண்ட ரௌலட்டட் என்ற பானை வகை, வீலர் நினைத்ததைவிட முந்தையது என்று பெக்லி காட்டினார். ரோமானிய வணிகம் சூடுபிடிப்பதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதும் தெளிவானது.

தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய எந்தப் புத்தகத்திலும் அரிக்கமேடு இருக்கும். வீலரோடு நின்றுவிட்டால் அது 1945இல் நிற்கிறது என்று பொருள். பெக்லி வரை வந்தால், எழுதியவர் தொடர்ந்து படித்துக்கொண்டிருப்பவர். பின்னால் இருக்கும் பெயர் அகராதியில் இந்த ஒரு ஊரைத் தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெயர் அகராதியே இல்லாத புத்தகத்தைப் பாடநூலாக எடுப்பதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

உடைந்த ஓட்டுக்கு என்ன மரியாதை?

கடைசியாக, படங்களைப் பாருங்கள். தங்கமும் சிலையும் மட்டும்தான் இருக்கின்றனவா, உடைந்த பானை ஓடு, மணி செய்து மிஞ்சிய கல் சில்லு, கருகிய நெல், மாட்டு எலும்பு இவையும் இருக்கின்றனவா? மக்கள் என்ன தின்றார்கள், எதைச் செய்து விற்றார்கள், யாரோடு வணிகம் செய்தார்கள் என்பதையெல்லாம் சொல்வது பெரும்பாலும் இந்தக் குப்பைதான். பொருளின் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. அளவு தெரியாத படம் அலங்காரத்துக்கு மட்டுமே உதவும்.

இதில் ஒரு நெறியும் இருக்கிறது. மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்த பொருள், எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில், எந்த நிலையில் கிடந்தது என்ற தகவல் இல்லாமல் போனால், அதன் கதையில் பெரும்பகுதி போய்விடுகிறது. "கிடைத்தால் எடுக்காதே, தோண்டாதே, இடத்தைக் குறித்துக்கொள், சொல்ல வேண்டியவரிடம் சொல்" என்பதை ஒரு பக்கமாவது எழுதியிருக்கும் புத்தகம்தான் பிள்ளை கையில் போக வேண்டியது. சட்டமும் அதையே சொல்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே, கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எந்த வகுப்புக்கு எது?

ஆறிலிருந்து எட்டு வரை படிக்கும் பிள்ளைக்குப் பெரிய செலவே வேண்டாம். 2018-19 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் "வரலாறு என்றால் என்ன?" என்ற பாடத்தோடுதான் தொடங்குகிறது. சான்று என்றால் என்ன என்று அதிலேயே பழகலாம். கூடவே, தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடிச் சிறுநூலை வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் வாசிக்கும் பிள்ளை என்றால், சென்னை தூலிகா வெளியிட்ட தேவிகா கரியப்பாவின் 'இந்தியா த்ரூ ஆர்க்கியாலஜி' இந்த வயதுக்கென்றே எழுதப்பட்டது.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை என்றால், மாநிலப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு முதல் வரலாற்றுப் பாடமும், பதினோராம் வகுப்பு வரலாற்று நூலின் தொடக்கமும் நல்ல அடித்தளம். இரண்டும் தமிழிலேயே உள்ளன. அதோடு என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு 'தீம்ஸ் இன் இந்தியன் ஹிஸ்டரி' முதல் பாகத்தின் முதல் பாடம். செங்கல், மணி, எலும்பு என்று பெயரிட்ட அந்தப் பாடம் ஹரப்பாவைப் பற்றியது. பொருள்களை எப்படி வகை பிரிக்கிறார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் பாடம் அரிது. சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்காத பிள்ளையும் இதை இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் சேர்ந்தவருக்கு முறையான பாடநூல் வேண்டும். தமிழ்நாட்டு உதாரணங்களோடு படிக்க விரும்பினால் இரண்டு பெயர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாறு, தொல்லியல் துறைக்குத் தலைமை வகித்த கே.வி. இராமன் எழுதிய 'பிரின்சிபிள்ஸ் அண்ட் மெத்தட்ஸ் ஆஃப் ஆர்க்கியாலஜி' ஒன்று. கொடுமணலிலும் பொருந்தலிலும் அகழாய்வு நடத்திய கா. ராஜன் 2002இல் எழுதிய 'ஆர்க்கியாலஜி: பிரின்சிபிள்ஸ் அண்ட் மெத்தட்ஸ்' இன்னொன்று. ராஜனின் 'தொல்லியல் நோக்கில் சங்ககாலம்' தமிழில் இருக்கிறது. இலக்கியம் படித்தவர்கள் தொல்லியலுக்குள் நுழைய அது நல்ல வாசல்.

உலக அளவில் பல பல்கலைக்கழகங்களில் பாடமாக இருப்பது கொலின் ரென்ஃப்ரூவும் பால் பானும் சேர்ந்து எழுதிய 'ஆர்க்கியாலஜி: தியரீஸ், மெத்தட்ஸ் அண்ட் பிராக்டிஸ்'. 1991இல் முதல் பதிப்பு வந்தது. அதில் அத்தியாயங்களே கேள்விகளாக இருக்கும். எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டார்கள், சமூகம் எப்படி அமைந்திருந்தது என்று போகும். விலை சில ஆயிரம் ரூபாய், கனமும் அதற்கேற்றபடி. ஒவ்வொரு மாணவரும் வாங்க வேண்டியதில்லை. நூலகத்துக்கு ஒரு பிரதி இருந்தால் போதும். இந்திய உதாரணங்கள் அதில் குறைவு என்பதால் ராஜனையோ இராமனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது உத்தமம்.

பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா? தோண்டும் முறை, மண்ணடுக்கு, பானை வகை பிரித்தல் ஆகியவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். வீலரின் 1954ஆம் ஆண்டுப் புத்தகமான 'ஆர்க்கியாலஜி ஃப்ரம் தி எர்த்' இன்றும் படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் படிக்கும் ஆய்வு 2010க்குப் பிறகுதான் பெரிதாக வளர்ந்தது. ராகிகடி எலும்புக்கூட்டின் மரபணு ஆய்வு வெளிவந்தது 2019இல். அந்தப் பகுதிக்கு மட்டும் புதுப் பதிப்பு தேவை.

தமிழா, ஆங்கிலமா?

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். மேற்படிப்பில் அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால் ஆங்கிலம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் முதல் புத்தகத்தில் மாணவர் இரண்டு மலையை ஒரே நேரத்தில் ஏறக் கூடாது. மண்ணடுக்கு, முதுமக்கள் தாழி, உறைகிணறு, கருப்பு-சிவப்புப் பானை, கீறல் குறியீடு என்று தமிழிலேயே சொற்கள் நன்றாக ஊன்றியிருக்கின்றன. தமிழில் கருத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துக்கொள்வது சுலபம். ஆங்கில வரியை மனப்பாடம் செய்துவிட்டுக் கருத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், பெரும்பாலும் அந்தப் 'பிறகு' வருவதேயில்லை.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய தொல்லியல் நூல்கள் பலவும் இலவசமாகக் கிடைக்கின்றன. போனிலேயே படிக்கலாம். ஆனால் வெட்டுப்பக்கப் படங்களைச் சின்னத் திரையில் பார்த்துப் புரிந்துகொள்வது கஷ்டம். அந்தப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

இது ஏன் முக்கியம்?

"ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு யோசனையா?" என்று தோன்றலாம். நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்தின் வரைபடத்தைக் கொஞ்சம் பாருங்கள். கடலூரை அடுத்த காரைக்காட்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்திருக்கிறது. மருங்கூரில் 2024இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. இவற்றுக்கு நடுவே எத்தனையோ முந்திரித் தோப்புகள், பலாத் தோப்புகள், ஏரிக்கரைகள், மேடுகள். எந்த மேட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது தோண்டும்வரை தெரியாது.

அங்கே தோண்டுவது தொல்லியல் துறை மட்டுமல்ல. வீட்டுக்கு அஸ்திவாரம் எடுக்கிறார்கள். தோப்பில் குழி வெட்டுகிறார்கள். சாலைக்கு மண் அள்ளுகிறார்கள். சுரங்கத்துக்காக மேல்மண்ணை வாருகிறார்கள். நிலக்கரி இருப்பது ஆழத்தில். மனிதர் வாழ்ந்த தடம் பெரும்பாலும் மேலே உள்ள சில மீட்டருக்குள். ஒருமுறை வாரிய மண்ணை அதே வரிசையில் திரும்ப அடுக்க யாராலும் முடியாது. தொல்லியலாளர் தோண்டினாலும் அப்படித்தான், அடுக்கு அழிந்துவிடும். ஒரே வித்தியாசம், அவர் அழிவதற்கு முன் ஒவ்வொரு அடுக்கையும் அளந்து, வரைந்து, படமெடுத்து, எழுதி வைக்கிறார்.

குழி வெட்டும்போது தாழியின் விளிம்பு தட்டுப்பட்டால், அங்கே நிற்பவர் பெரும்பாலும் ஆய்வாளராக இருக்க மாட்டார். ஒரு விவசாயியோ, ஜே.சி.பி. ஓட்டுநரோ, விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்த பள்ளிப் பிள்ளையோதான் இருப்பார். "உள்ளே தங்கம் இருக்கும், உடைச்சுப் பாரு" என்று ஒரு குரல் நிச்சயம் கேட்கும். "கொஞ்சம் நிறுத்துங்க மாமா, அதைத் தொடாம போட்டோ எடுத்து வி.ஏ.ஓ. கிட்ட சொல்லலாம்" என்று இன்னொரு குரலும் கேட்க வேண்டும் என்றால், அந்தப் பிள்ளை சரியான புத்தகத்தை ஏற்கெனவே படித்திருக்க வேண்டும்.

தொல்லியல் படிக்கும் ஆசையோடு தொடங்கும் எல்லாரும் தொல்லியலாளர் ஆகப்போவதில்லை. சிலர் தமிழ்நாடு தொல்லியல் துறையின் இரண்டாண்டுப் பட்டயப் படிப்புக்குப் போவார்கள். சிலர் பல்கலைக்கழகத் துறைகளுக்குப் போவார்கள். மற்றவர்கள் எஞ்சினீயராகவோ ஆசிரியராகவோ சுரங்க அதிகாரியாகவோ ஆவார்கள். எந்த வேலைக்குப் போனாலும், "உங்களுக்கு அது எப்படித் தெரியும்?" என்று பணிவாகக் கேட்கும் பழக்கம் கூடவே வரும்.

ஆகவே அடுத்த முறை புத்தகக் கடைக்குப் போகும்போது, அட்டைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளையையே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரிக்கமேடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது, மண்ணடுக்குப் படம் இருக்கிறதா, கார்பன் கணக்கு புரிகிறதா என்று இருவரும் சேர்ந்து புரட்டுங்கள். கடைக்காரர் கொஞ்சம் முறைத்தாலும் பரவாயில்லை, பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.